கையால் நிரப்பிய ரைஃபிள் தோட்டா: போல்ட் இறுகினால், குறி சிதறினால் எங்கே தேடுவது

ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்பிச் சுடுகிறவர்களுக்கு வரும் தொல்லைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டில் அடங்கிவிடும். சுட்டதும் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை) தூக்க வராமல் முரண்டு பிடிக்கிறது. இல்லையென்றால், இதுவரை ஒட்டி ஒட்டி விழுந்த குண்டுகள் திடீரென்று அட்டை முழுக்க மேய்கின்றன. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தத்தை. குறி சிதறினால் போவது பொறுமைதான், அழுத்தம் எல்லை தாண்டினால் போவது கண்ணும் விரலும்.

இது சட்டப்படி உரிமமும் அனுமதியும் உள்ள, தோட்டா நிரப்பும் பொறியான பிரஸ்ஸில் ஏற்கெனவே கை பழகியவர்களுக்காக எழுதுவது. எந்த மருந்து (குண்டைத் தள்ளும் வெடிமருந்து) எத்தனை கிரெயின் (அதை நிறுக்கும் சின்ன எடை அளவு) என்ற கணக்கு எதுவும் இதில் கிடையாது. அது மருந்தும் குண்டும் தயாரிக்கிறவர்கள் வெளியிடும் அட்டவணையில், அதுவும் இப்போதைய பதிப்பில் பார்க்க வேண்டிய விஷயம். எவரோ எங்கேயோ எழுதிவைத்த "எனக்கு இது நன்றாக வேலை செய்தது" என்ற அளவு அவருடைய ரைஃபிளுக்கு மட்டும்தான்.

போல்ட் இறுகினால் அன்றைக்கு அந்தத் தோட்டாக்களைச் சுடுவது முடிந்தது. மீதி நாலைந்தைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஒரு தோட்டாவில் இறுகினால் அதே பெட்டியில் இருக்கும் அடுத்தது அதைவிட மோசமாக இருக்கலாம். காலியான பித்தளை ஓட்டை வெளியே எடுத்து, எந்த வரிசையில் சுட்டீர்களோ அதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடுகள்தான் உங்கள் சாட்சி.

ஓட்டின் அடியைப் படிப்பது

வெளிச்சத்தில் ஓட்டைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் பொறித்த இடத்தில் வட்டமாகவோ பிறை போலவோ பளபளவென்று ஒரு சின்னத் தழும்பு தெரிகிறதா? போல்ட் முகத்தில் எஜெக்டர் ஊசி உட்காரும் ஓட்டைக்குள் பித்தளை பிதுங்கி, போல்ட்டைத் திருப்பும்போது தேய்ந்து மினுங்குகிறது என்று அர்த்தம். பித்தளையே அந்த இடத்தில் வழிந்திருக்கிறது. சாதாரண போல்ட் ரைஃபிளில் இதற்கு வேறு நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. அதோடு போல்ட்டும் இறுகி, அடுத்த முறை பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்துக்குத் தீ மூட்டும் சின்ன மூடி) பதிக்கும்போது அழுத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், கேள்விக்கே இடமில்லை. அளவு அதிகம். அந்த ஓட்டையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பிரைமர் விஷயம் அவ்வளவு நேரடியானது இல்லை. பிரைமர் தட்டையாகிவிட்டது, ஆகவே அழுத்தம் அதிகம் என்று பலர் சொல்வார்கள். சில பிரைமர்களின் உலோகம் மென்மையானது, முறையான அளவிலேயே தட்டையாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவை) டையில் (சுட்ட ஓட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) தேவைக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டால், சுடும்போது பிரைமர் முதலில் பின்னோக்கி வெளியே வரும், அப்புறம் ஓடு பின்னால் வந்து அதன் மேல் மோதி நசுக்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாக அதிக அழுத்தம் போலவே இருக்கும். பிரைமரில் ஊசி பட்ட குழியைச் சுற்றி எரிமலை வாய் மாதிரி விளிம்பு எழும்பியிருந்தால், அது போல்ட்டில் ஊசி வரும் துளை அகலமாக இருப்பதாலும் வரலாம். அதே ரைஃபிளில் தொழிற்சாலைத் தோட்டா ஒன்றைச் சுட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குற்றவாளி ரைஃபிள். ஆனால் பிரைமர் ஓட்டையாகி வாயு பின்னால் வந்திருந்தால் ஒப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நிறுத்திவிட்டு ஊசி முனையையும் போல்ட் முகத்தையும் சோதியுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வதும் அதைத்தான். அடையாளம் தெரியவில்லை என்றால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எஸ்ஏஏஎம்ஐ என்ற அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு வகுத்த அழுத்த உச்சவரம்பு .308 வின்செஸ்டருக்கு 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .223 ரெமிங்டனுக்கு 55,000, பழைய 6.5×55-க்கு 51,000, .30-30-க்கு 42,000. பித்தளையோ எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே பித்தளைதான், அது வழிய ஆரம்பிப்பது இந்த எண்களில் பெரியதையும் தாண்டித்தான். ஆகவே .308-இல் தழும்பு தெரியும்போதே நீங்கள் எல்லைக்கு வெளியே நிற்கிறீர்கள். 42,000-க்குக் கட்டிய பழைய லீவர் ரைஃபிளில், அடையாளம் வரும்வரை ஏற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினால், அடையாளம் வருவதற்குள் ரைஃபிளே கழன்றுவிடலாம்.

அப்படியானால் எதை நம்புவது? வேகத்தை. அதே மருந்து, அதே குண்டு, அதே குழல் நீளம் என்றால் அட்டவணையில் உள்ள உச்ச வேகத்துக்கு மேல் இலவசமாக எதுவும் கிடைக்காது. குழல் நீளம் வேறாக இருந்தால் .308 மாதிரித் தோட்டாவுக்கு ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 30 அடி என்று தோராயமாகக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் அட்டவணையின் உச்ச வேகத்தைக் காட்டிவிட்டால், தராசு இன்னும் ஒரு கிரெயின் இடம் இருக்கிறது என்று சொன்னாலும் அதுதான் உங்கள் ரைஃபிளின் உச்சம். என்னைக் கேட்டால், குரோனோகிராஃப் இல்லாமல் உச்ச அளவுக்குப் பக்கத்தில் போவதே வீண் வம்பு.

தானியங்கி ரைஃபிளில் போல்ட் இறுகுவது கைக்குத் தெரியாது, அது பாட்டுக்குத் திறந்துகொள்ளும். அங்கே ஓட்டின் விளிம்பு கிழிந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயு அளவு கூடினாலும் இதே கோலம்தான் என்பதால், வேகத்தையும் சேர்த்தே பாருங்கள்.

என்ன மாறியது?

அழுத்தம் தானாக ஏறாது. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, மாற்றியது நீங்களாகவும் இருக்கலாம், ரைஃபிளாகவும் இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம்.

முதலில் தராசு. மின்னணுத் தராசைச் சூடாகவிடாமல் உடனே எடைபோடத் தொடங்கினால் சுழியம் நகர்ந்துகொண்டே போகும். மின்விசிறிக் காற்று, பக்கத்தில் கைபேசி, பிளாஸ்டிக் தட்டில் ஏறிய நிலைமின்சாரம் எல்லாமே அதைக் குழப்பும். நீங்கள் போடும் அளவுக்கு நெருக்கமான சோதனை எடைக்கல் ஒன்றைப் பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் என்பது சுமார் 0.065 கிராம். இவ்வளவு சின்ன அளவில் பிழை வந்தால் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து மருந்தின் பெயர். எச்4350 வேறு, ஐஎம்ஆர் 4350 வேறு. எச்4895-உம் ஐஎம்ஆர் 4895-உம் அப்படித்தான். எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடுவது ஆபத்து. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், முடித்ததும் மிச்சம் உடனே அதே டப்பாவுக்குப் போக வேண்டும். பெயர் அதேதான், புது டப்பா மட்டும் வாங்கினீர்கள் என்றால் தொகுதி எண் மாறியிருக்கும், வேகமும் கொஞ்சம் மாறும். உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் புதுத் தொகுதிக்கு மறுபடி கீழேயிருந்து ஏறி வருவதுதான் முறை.

ஓடு, குண்டு, பிரைமர் இவற்றில் எதை மாற்றினாலும் அதே கதைதான். ராணுவ 7.62 ஓட்டின் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருக்கும், உள்ளே இடம் குறைவு, அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீளம் அதிகம். அதனால் ஓட்டுக்குள் ஆழமாக இறங்கும், குழலிலும் வேறு மாதிரி உராயும். ஈயக் குண்டின் அளவை அதற்குப் போடக்கூடாது. சாதாரண பிரைமர் போட்ட இடத்தில் இன்னும் வலுவாகத் தீ மூட்டும் மேக்னம் பிரைமர் வைப்பதும் ஒரு மாற்றம்தான். இப்படி எதை மாற்றினாலும் அட்டவணையின் தொடக்க அளவுக்கு இறங்கிவிட்டு, .308 அளவுள்ள ஓட்டில் 0.3 கிரெயின், சின்ன ஓட்டில் அதைவிடக் குறைவாக என்று படி வைத்து ஏறுங்கள். தொடக்க அளவு போடாத அட்டவணை என்றால் உச்சத்திலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம்.

ஆனால் அதற்கும் கீழே இறங்காதீர்கள். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய ஓட்டில் பாதிக்குப் பாதி போட்டால் மெதுவாகத்தானே சுடும் என்று தோன்றும். எரிதல் தாறுமாறாகி அழுத்தம் எகிறி ரைஃபிள் உடைந்ததாகப் பதிவுகள் உண்டு. மென்மையான தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்றே அட்டவணை கொடுத்திருக்கும் மருந்தை மட்டும் எடுங்கள்.

எதையுமே மாற்றவில்லை, ஆனாலும் இறுகுகிறது என்கிறீர்களா? ஓட்டின் கழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சுட்டு, டையில் இழுக்கும்போதும் பித்தளை முன்னோக்கி நீளும். .308-க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டியது 2.005-க்கு. .223-க்கு 1.760-உம் 1.750-உம். நீளம் மீறினால் ஓட்டின் வாய் சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறையின்) முனையில் முட்டிக் குண்டை இறுகக் கவ்விக்கொள்ளும். குண்டு விட்டுப் போக வழியில்லாமல் அழுத்தம் ஒரேயடியாக ஏறும். இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சுட்டு எடுத்த, டையில் போடாத ஓட்டின் வாயில் புதுக் குண்டு ஒன்றை விரலால் விட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி உள்ளே விழ வேண்டும். வாயில் நெளிவு எதுவும் இல்லாமலே விழ மறுத்தால், சேம்பரில் கழுத்து விரிய இடம் இல்லை. ஓடு நீண்டிருக்கிறது, கழுத்துச் சுவர் தடித்திருக்கிறது, அல்லது சேம்பர் கழுத்தின் முனையில் கரி வளையமாகப் படிந்து கல் மாதிரி இறுகியிருக்கிறது. இந்தக் கரி வளையம் லேசில் பிடிபடாது. குழல் பளிச்சென்று இருக்கும், துடைத்த துணியும் வெள்ளையாக வரும், வேகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய் ஒருநாள் போல்ட் நிற்கும். உள்நோக்குக் கேமரா இருந்தால் உடனே தெரியும். இல்லாதவர்கள் கரி கரைக்கும் திரவத்தைக் கழுத்து முனையில் ஊறவிட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியதுதான்.

குண்டை எவ்வளவு வெளியே நிறுத்துகிறீர்கள் என்பதும் அழுத்தத்தைத் தொடும். குழலுக்குள் சுழன்று செல்லும் வரிகளில் முட்டும்படி வைத்தால், இடைவெளி விட்டு வைப்பதைவிட அழுத்தம் அதிகம். இடைவெளியோடு கண்டுபிடித்த உச்ச அளவை அப்படியே வைத்துக்கொண்டு குண்டை மட்டும் முன்னால் தள்ளாதீர்கள்.

வெயில் காலத்தில் மட்டும் இறுகினால் மருந்து சூட்டுக்கு மசிகிறது. உருண்டை வடிவ மருந்துகளில் இது பொதுவாகக் கூடுதல், சூட்டைத் தாங்கச் செய்யப்பட்ட நீள்மணி மருந்துகளில் குறைவு. குளிர்காலத்தில் உச்சம் வரை ஏற்றிய தோட்டா கோடையில் உச்சத்தைத் தாண்டும். தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், சூடான சேம்பரில் தோட்டாவை விட்டுவிட்டு அரட்டையும் அடிக்காதீர்கள்.

ஓட்டில் மசகு மிச்சம் இருந்தாலோ, சேம்பரில் எண்ணெயோ மழைநீரோ இருந்தாலோ பித்தளை சுவரைப் பிடிக்காமல் வழுக்கிப் போல்ட்டின் மேல் மோதும். அளவு சரியாகவே இருந்தும் அடையாளம் எல்லாம் வரும். துடைத்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

ஓடு பிளப்பது, தோட்டா வெடிக்காமல் இருப்பது

அடியிலிருந்து சுமார் ஒரு செ.மீ. மேலே, ஓட்டைச் சுற்றி மெல்லிய பளபளப்பான கோடு தெரிந்தால் அங்கே சுவர் இழுபட்டு மெலிந்திருக்கிறது. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, முனையை மட்டும் கொக்கியாக வளைத்து, ஓட்டுக்குள் விட்டு அடிவரை உரசிப் பாருங்கள். பள்ளத்தில் முனை டக்கென்று தட்டுப்பட்டால் அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அது இரண்டாகப் பிரியும். இது மருந்தின் குற்றம் இல்லை. டையைக் கடைசிவரை இறக்கி, தோளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் தள்ளுவதால் வருவது. சுட்ட ஓட்டின் தோள் அளவை கம்பேரட்டரால் (அளவுகோலில் மாட்டும் துணைக் கருவியால்) எடுத்து, போல்ட் ரைஃபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம், தானியங்கிக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் மட்டும் பின்னால் போகும்படி டையை வையுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையைக் குறிப் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடி காத்திருங்கள், அதற்குப் பிறகே போல்ட்டைத் திறங்கள். முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடித்தால் பிரைமர் பள்ளத்தின் அடிவரை உட்காரவில்லை. முதல் அடி அதை உட்காரவைக்கிறது, அடுத்த அடி வெடிக்கவைக்கிறது. விரலால் ஓட்டின் அடியைத் தடவினால் பிரைமர் கொஞ்சம் உள்வாங்கியிருப்பது தெரிய வேண்டும். ஊசி சுதந்திரமாக ஆடும் தானியங்கிகளில் துருத்திய பிரைமர், போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடியது. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக "பொத்" என்று வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நிற்கலாம், கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது.

இனி குறி

குறி சிதறினால் எல்லோரும் உடனே தோட்டாவைக் குடைய ஆரம்பிப்பார்கள். முதலில் திருகைப் பாருங்கள் என்பேன். கட்டையோடு ரைஃபிளைப் பிடிக்கும் திருகுகள், தொலைநோக்கியின் அடிப்பாகம், வளையங்கள், இவை மூன்றில் ஒன்று தளர்ந்திருந்தால் எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் காகிதத்தை விட்டு இழுத்து எங்காவது இடிக்கிறதா என்று பாருங்கள். குழலில் செம்பு படிந்திருக்கிறதா, முனை விளிம்பு அடிபட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு, இந்த ரைஃபிளில் முன்பு நன்றாக விழுந்த தொழிற்சாலைத் தோட்டாவைச் சுடுங்கள். அதுவும் சிதறினால் பிரஸ்ஸின் பக்கமே போக வேண்டாம்.

மூன்று குண்டுக் கொத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் ஏராளம். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுவது அதிர்ஷ்டத்திலும் நடக்கும். அடுத்த மூன்று வேறு கதை சொல்லும். ஐந்து சுட்டு எடுக்கும் வேக விலகலும் அப்படித்தான். நொடிக்கு 3 மீட்டர் என்று கருவி காட்டினால், 95 சதவீத நம்பிக்கையில் உண்மையான விலகல் 1.8-இலிருந்து 8.6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பத்து சுட்டால் கொஞ்சம் நம்பலாம். அதனால் 0.1 கிரெயின் வித்தியாசமுள்ள இரண்டு அளவுகளை மும்மூன்று குண்டால் ஒப்பிட்டு "இதுதான் சிறந்தது" என்று சொல்வதெல்லாம் சீட்டுக் குலுக்கல்தான்.

அட்டையில் சிதறலின் வடிவம் கொஞ்சம் பேசும். செங்குத்தாக நீண்டால் வேகம் ஏறி இறங்குகிறதென்று உடனே சொல்லிவிடுவார்கள், ஆனால் 100 மீட்டரில் அது பெரும்பாலும் தவறு. நொடிக்கு 800 மீட்டர் போகும் குண்டின் வேகம் 10 மீட்டர் மாறினால் 100 மீட்டரில் ஏற்ற இறக்கம் 2 மி.மீ. அளவுதான். அதுவே 600 மீட்டரில் 10 செ.மீ.க்குப் பக்கம் போகும். ஆகவே 100-இல் செங்குத்து நீட்டம் என்றால் ரைஃபிளைத் தாங்கும் விதம், மூச்சு, சூடான குழல் இவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு குண்டும் ஒரே திசையில் வரிசையாக நகர்ந்துகொண்டே போனால் குழல் சூடேறி எங்கோ இடிக்கிறது. இரண்டு தனித் தனிக் கொத்து என்றால் தொலைநோக்கியிலோ கட்டையிலோ ஏதோ ஒன்று இரண்டு நிலையில் மாறி மாறி உட்காருகிறது. பக்கவாட்டு என்றால் காற்று, இல்லையேல் விசை இழுக்கும் விரல்.

துளை வட்டமாக இல்லாமல் சாவித்துளை மாதிரி நீளமாக இருந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு வருகிறது. குண்டின் நீளத்துக்குக் குழலின் முறுக்கு போதவில்லை. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கிய .223 குழல் 55 கிரெயின் குண்டை அழகாக அனுப்பும், 77 கிரெயினைப் புரட்டிவிடும், 77-க்கு 8 அல்லது 7 அங்குல முறுக்கு வேண்டும். முறுக்கு போதாத குழலில் மருந்தைக் கூட்டிக் குறைத்து நேரத்தை வீணாக்காதீர்கள், குண்டை மாற்றுங்கள்.

இதெல்லாம் சரி, தோட்டாதான் குற்றவாளி என்றால் நான் முதலில் தொடுவது குண்டின் ஆழம். ஓட்டின் அடியிலிருந்து குண்டின் நுனி வரை அளக்காதீர்கள், ஒரே பெட்டியிலேயே நுனிகள் ஏற்ற இறக்கமாக இருக்கும். கம்பேரட்டர் வைத்து, குண்டின் தோள் வரிகளைத் தொடும் இடம் வரை அளங்கள். மருந்தை உச்சத்துக்குக் கீழே ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, ஆழத்தை மட்டும் படிப்படியாக மாற்றுங்கள். வளைவு மென்மையான குண்டு அதிகம் கண்டுகொள்ளாது. கூர்ந்து நீண்ட குண்டுகள் ஓரிடத்தில் சிதறி அடுத்த இடத்தில் ஒட்டும். மேகசினுக்குள் அடங்கும் நீளம் என்ன என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது கழுத்தின் பிடி. சில தோட்டாவில் குண்டு வெண்ணெயில் இறங்குவது போலவும் சிலவற்றில் கறகறவென்றும் இறங்கினால், வேகம் தாறுமாறாகத்தான் வரும். பல தடவை சுட்ட ஓடும் புது ஓடும் கலந்திருக்கலாம், இரண்டு தயாரிப்பாளர்களின் ஓடு கலந்திருக்கலாம், ஈரக் கழுவலில் கழுத்தின் உட்புறம் அளவுக்கு மீறிச் சுத்தமாகிக் குண்டு ஒட்டிக்கொள்ளலாம். ஓடுகளைப் பிரித்து, எத்தனை முறை சுட்டது என்று பெட்டியில் எழுதி, கழுத்துக்குள் நைலான் பிரஷ்ஷை ஒருமுறை விட்டு எடுங்கள். மற்ற வேடிக்கைகள், அதாவது மருந்தை 0.02 கிரெயினுக்கு நிறுப்பது, பிரைமரை எடைபோட்டுப் பிரிப்பது எல்லாம், தொலைதூரப் போட்டிக்காரர்களுக்கு. 200 மீட்டருக்குள் சுடுகிறவர் அந்த நேரத்தில் இன்னும் இருபது குண்டு சுட்டுப் பழகினால் கொத்து அதைவிடச் சுருங்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அளவு, தொகுதி எண், ஆழம், வெப்பநிலை, வேகம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டு, நோட்டில் ஒரு பிரதி. கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை: குழலில் கட்டும் வகை குரோனோகிராஃப் குறி விழும் இடத்தையே நகர்த்திவிடும் என்பதால், வேகம் எடுக்கும் கொத்தை வைத்துக் குறியை மதிப்பிடாதீர்கள். நிழல் விழுவதை வைத்து அளக்கும் வகை, வெளிச்சம் மாறினால் உளறும். ரேடார் வகைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

சந்தேகத்துக்குரியதென்று ஒதுக்கிய தோட்டாக்களை அன்றே பிரித்துவிடுங்கள். சுத்தியல் வகை பிரிப்பான் மலிவு, ஆனால் மெதுவானது. ஐம்பது, நூறு என்று இருந்தால் பிரஸ்ஸில் மாட்டும் காலெட் வகைதான் கை வலிக்காமல் முடிக்கும். குண்டையும் ஓட்டையும் சோதித்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். வெளியே வந்த மருந்து எந்தத் தொகுதி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டப்பாவுக்குத் திரும்ப ஊற்றக் கூடாது. திறந்த வெளியில், தீப்பிடிக்க எதுவும் இல்லாத தரையில், மெல்லிய கோடாகக் கொட்டி, உள்ளூர் விதி அனுமதித்தால், தள்ளி நின்று கொளுத்திவிடலாம்.